மேட்டில் வெட்டிய குட்டை

மனுவில் எதிரி என்று போட ஓர் இடம் இருக்குமே, அதில் முதலில் தவசிலிங்கத்தை எழுது, தாயி. என் சித்தப்பா மகன். பங்காளி. இரண்டாவதாக மீன் ஆபீஸ் அம்மாவைப் போடு. ஜேசிபிக்காரனையும் போடலாமா என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். வேண்டாம், அவன் பிள்ளைகுட்டிக்காரன். மழையை எழுத முடியுமா? முடியாதா? சரி, விடு.

என் பெயர் குருவையா. வயது அறுபத்தேழு. அதையெல்லாம் அப்புறம் எழுது. முதலில் அவன்.

கோரிக்கை என்னவா? தண்ணீர். தவசி கிணற்றில் கிடக்கிற தண்ணீர் என்னுடையது. அதை அவன் எனக்குத் திருப்பித் தர வேண்டும் என்று ஆபீசர் உத்தரவு போட வேண்டும். இன்றைக்கே போட வேண்டும். நீ சிரிக்காதே, தாயி. இந்தத் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து எத்தனை பேருக்கு மனு எழுதியிருப்பாய், நிலத்தைப் பிடுங்கினான், வழியை அடைத்தான் என்று. தண்ணீரைப் பிடுங்கினான் என்று ஒருவன் வரக் கூடாதா? என் குட்டையில் இப்போது முழங்காலுக்குத் தண்ணீர் இல்லை. அதற்குள் ஆயிரம் மீனுக்குக் குறையாது. விடிந்தால் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. பார்க்க முடியாமல்தான் முதல் பஸ்ஸில் ஏறி வந்தேன்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நீ வேண்டியதை எழுதிக்கொள்.

எங்கள் தாத்தா வெட்டிய கிணறு ஒன்று இருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நிலத்தைப் பாகம் பிரித்தபோது, கிணறு உள்ள துண்டு யாருக்கு என்று இழுபறி. கடைசியில் அய்யனார் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். இலையில் மடித்து ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. சிவப்பு வந்தால் கிணறு அவனுக்கு. பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். சிவப்பு. பொட்டலம் மடித்தது யார் தெரியுமா? அவனைப் பெற்றவள். என் சித்தி. இலையில் நகத்தால் ஓர் அடையாளம் வைத்திருப்பாள். நான் பார்த்தேனா? பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விட்டிருப்பேனா?

அன்றைக்கு ஆரம்பித்தது, தாயி. அன்றையிலிருந்து அவன் எனக்குத் தண்ணீர் பாக்கி.

அவன் கைக்குப் போய்ப் பதினோரு வருஷத்தில் அந்தக் கிணறு வற்றிப்போனது. சாமி இருக்கிறது. அதற்கப்புறம் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு கல்லை எடுத்து உள்ளே போடுவேன். அடியில் பாறையில் விழுந்து 'டக்' என்று கேட்கும். கேட்டுவிட்டுத்தான் போவேன். இதை எழுதாதே.

என் நிலம் நீளவாக்கில் சரிவாக இறங்கும். மேலே செவல்மண், முழுக்கச் சரளைக் கல். கீழே கரிசல். கரிசல் முடிகிற பொழி வரப்புக்கு அந்தப் பக்கம் தவசியின் நிலம். பொழியிலிருந்து பத்தடி நடந்தால் அந்தக் கிணறு. படம் போட வேண்டுமானால் நான் தரையில் கீறிக் காட்டுகிறேன். வேண்டாமா? சரி.

போன வருஷம் ஆடியில் மீன் ஆபீஸ் அம்மா எங்கள் ஊருக்கு வந்தார். யார் யார் மீன் குட்டை வெட்டுகிறீர்கள் என்று கேட்டார். மானாவாரி விதைத்து விதைத்து எனக்குக் கை காய்த்ததுதான் மிச்சம். நான் வெட்டுகிறேன் என்றேன். நல்ல பொம்பளைதான், நாலு பேர் மாதிரி ரோட்டிலேயே நின்று எழுதிக்கொண்டு போகவில்லை. நிலத்தில் இறங்கி நடந்தார். கீழே கரிசலில் ஒரு கைப்பிடி மண் எடுத்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, உருண்டை பிடித்து, தலைக்கு மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தார். உருண்டை உடையவில்லை. மேலே செவலில் எடுத்து அதே மாதிரி போட்டார். கையில் வந்து விழுந்ததும் சீனி மாதிரி உதிர்ந்துபோனது.

அதோடு விடவில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று, இடுப்பளவு குழி தோண்டச் சொல்லி, நிரம்பத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். நானும் என் பெண்டாட்டி சீனியம்மாளும் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்தோம். மேட்டுக் குழி சாயங்காலத்துக்குள் வற்றிவிட்டது. பள்ளத்துக் குழி மறுநாள் காலையிலும் மூன்று விரல்தான் இறங்கியிருந்தது. அந்த அம்மா கரிசலில் ஒரு கம்பை அடித்து, உச்சியில் சிவப்புத் துணி கட்டினார்.

"இங்கதான் ஐயா குட்டை. மழைத் தண்ணி தானா வந்து சேரும், வந்தது போகாது. இடத்தை மாத்திடாதீங்க."

எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்துத் தவசி பொழியில் நிற்கிறான், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. வாய் முழுக்கச் சிரிப்பு.

"நல்ல இடம்ணே. இங்க வெட்டுனா என் கிணத்துலயும் நாலு குடம் ஊறும்."

நாலு குடம்! சொல்லு தாயி, அவன் அதை என்னிடம் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? சொல்லாமல் இருந்திருந்தால் நான் பாட்டுக்கு அந்த இடத்தில் வெட்டியிருப்பேன். அன்றைக்குக் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டேன். சீனியம்மாள் வளர்த்த கறவை மாடு இரண்டையும் விற்று நான் குட்டை வெட்ட வேண்டும், அவன் கிணறு ஊற வேண்டும்.

ஜேசிபி வந்த அன்று விடிந்ததும் முதல் வேலையாக அந்தக் கம்பைப் பிடுங்கினேன். மேட்டுக்குக் கொண்டுபோய்ச் செவலில் அடித்தேன். அவன் பொழியை விட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம்.

ஜேசிபிக்காரன் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டான். "பெருசு, அந்தம்மா பள்ளத்துலன்னுல்ல சொன்னாங்க?"

"நிலம் யாருதுடா?"

"உங்களுது."

"அப்பப் பறி."

சீனியம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, மேட்டுல போய் யாராச்சும் குட்டை வெட்டுவாங்களா? மழைத் தண்ணி என்ன படியேறியா வரும்?"

வரும் என்றேன். ரோட்டு ஓடைத் தண்ணீரைத் திருப்பி விட்டால் வரும். அதற்கும் வாய்க்கால் நானே வெட்டினேன். வேலைக்கு நான் அஞ்சியவன் இல்லை, தாயி. அதையும் ஒரு வரி எழுது.

மூன்றாம் நாள் அந்த அம்மா வந்து பார்த்தார். குழியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அப்புறம் கேட்டார், "கம்பு எப்படி ஐயா நடந்து மேல வந்துச்சு?"

"பள்ளத்துல சாமி கல்லு இருக்கும்மா. அங்க மண்வெட்டி படக் கூடாது."

"எங்க, காட்டுங்க."

"கண்ணுக்குத் தெரியாதும்மா."

நிலத்துக்குக் காவல் இருக்கிற சாமியைச் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கல் வைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த அம்மா நெற்றியைத் தடவிக்கொண்டு சொன்னார், வெட்டினது வெட்டிவிட்டீர்கள், இனி இந்தச் சரளை தண்ணீரைப் பிடிக்க வேண்டுமானால் அடியிலும் பக்கங்களிலும் ஓர் அடி கனத்துக்குக் கரிசல் கொட்டி, நனைத்து, மாடு கட்டி மிதிக்க வேண்டும் என்று. மாட்டுக்கு எங்கே போவேன்? நானும் சீனியம்மாளும் மிதித்தோம். என் கரிசலில் மேல்மண்ணைச் சுரண்டிச் சுரண்டி எடுத்ததில் ஒரு சாண் கனம்தான் தேறியது. பக்கங்களுக்கு அதுவும் இல்லை. அப்போதும் தவசி வந்து நிற்கிறான்.

"அண்ணே, என் பக்கத்துல கரிசல் எடுத்துக்க. மாட்டையும் ஓட்டிட்டு வாரேன். மதினி கால் வீங்கிக் கிடக்குல்ல?"

"எங்க காலு போதும்" என்றேன்.

எப்படிப் பேசுகிறான் பார்த்தாயா? சீனியம்மாள் கால் வீங்கியிருப்பது அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்ற மாதிரி.

ஐப்பசியில் மழை கொட்டியது. ரோட்டுத் தண்ணீர் வாய்க்காலில் புரண்டு வந்து குட்டை தளும்பியது. கார்த்திகையில் விரல் நீளக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டோம். கட்லா, ரோகு. பையோடு தண்ணீரில் மிதக்கவிட்டு, அப்புறம் வாயை அவிழ்த்தால், ஒவ்வொன்றாக வெளியே வந்து ஒரு நிமிஷம் அப்படியே நிற்கும், தாயி. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கும். பிறகு போய்விடும். மார்கழி பூராவும் நான் அந்தக் கரையை விட்டு நகரவில்லை. கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து எடுத்துப்போய்க் கையைத் தட்டினால் வரும். கட்லாதான் முதலில் வரும், பெரிய தலையைத் தூக்கிக்கொண்டு. என் வீட்டில் நான் கூப்பிட்டு உடனே வந்தது அது ஒன்றுதான். சாணம் கரைத்து விட்டால் தண்ணீர் பச்சையாகும், மீன் தேறும் என்றார் அந்த அம்மா. கூடை கூடையாகச் சாணம் வந்தது. எங்கள் மாட்டைத்தான் விற்றாயிற்றே, சாணம் எங்கிருந்து என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தவசி தொழுவத்திலிருந்துதான் சீனியம்மாள் சுமந்திருக்கிறாள். பிற்பாடுதான் தெரியும்.

தை பிறந்ததும் இறங்க ஆரம்பித்தது. முதலில் வெயில் என்று நினைத்தேன். அப்புறம் எவனோ மோட்டார் வைத்து உறிஞ்சுகிறான் என்று கரை முழுக்கத் தடம் தேடினேன். என் தடத்தைத் தவிர வேறு இல்லை. ஒரு நாள் தவசி கிணற்றைத் தாண்டிப் போகும்போது வழக்கம்போல ஒரு கல்லை எடுத்துப் போட்டேன்.

'குளுக்' என்றது.

இன்னொரு கல்லைப் போட்டேன். 'குளுக்'. எட்டிப் பார்த்தேன். அடியில் வானம் தெரிந்தது.

மறுநாள் அவன் கிணற்று மேட்டில் பொங்கல் வைத்துத் தேங்காய் உடைத்தான். ஊரே போய்ச் சாப்பிட்டது. தூக்குவாளியில் போட்டு எங்கள் வீட்டுக்கும் எடுத்துவந்தான். "அண்ணே, பதினோரு வருசம் கழிச்சு அய்யனார் கண்ணைத் தொறந்துட்டாருண்ணே!" என்று சொல்லும்போது அவன் கண்ணில் தண்ணீர். அதுவும் என் தண்ணீர்தான்.

நான் சும்மா சொல்லவில்லை, கணக்காகப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஒரு கம்பில் கீறல் போட்டு என் குட்டையில் நட்டேன். அவன் கிணற்றுக்குப் படி உண்டு. இங்கே ஒரு சாண் இறங்கினால் அங்கே ஒரு படி முழுகும். பத்து நாள் பார்த்தேன். தப்பவே இல்லை. அந்த அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் குட்டையைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"ஐயா, செவல் வழியா இறங்கி, அடியில பாறை மேலயே ஓடி, நேரா அங்க போய் விழுது. நான் சொன்ன எடத்துல, அந்தக் கரிசல்ல வெட்டியிருந்தீங்கன்னா ஒரு சொட்டுகூட அவருக்குப் போயிருக்காது."

கேட்டாயா? ஒரு சொட்டுகூடப் போயிருக்காதாம். அப்படியானால் அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டாமா? தண்ணீர் நிற்கும், தண்ணீர் நிற்கும் என்று என்னைப் பார்த்து நூறு தடவை சொன்னவர், அவனுக்குப் போகாது என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் நான் ஏன் கம்பைப் பிடுங்குகிறேன்? அதனால்தான் அவரை இரண்டாவது எதிரி என்றேன்.

அப்புறம் தவசி. கரிசலில் வெட்டினால் கிணறு ஊறும் என்றானே, அது பச்சைப் பொய் என்று ஆகிவிட்டதா இல்லையா? பொய் சொல்லி என்னை மேட்டுக்கு ஏற்றிவிட்டிருக்கிறான். அவனுக்கு அவ்வளவு மூளை ஏது என்கிறாள் சீனியம்மாள். அவளுக்குத் தெரியாது. அவன் அவளைப் பெற்ற அந்தச் சித்தி... இல்லை, அவனைப் பெற்ற அந்தச் சித்தி. பார், கோபத்தில் நாக்குக் குழறுகிறது. கொஞ்சம் தண்ணீர் கொடு.

இந்த வருஷம் எங்களுக்கு வேறு ஒன்றும் இல்லை, தாயி. மாடு இல்லை. கரிசலில் மேல்மண்ணை அள்ளிவிட்டேன், அதில் விதைக்கவும் வழி இல்லை. இந்த மீன்தான். லாரியில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு நடை ஊற்றிப் பார்த்தேன். மூன்றாம் நாள் அவன் கிணற்றில் இன்னும் இரண்டு படி முழுகியது. இப்போதே பிடித்து விற்றுவிடலாம் என்று மீன் வியாபாரியைக் கூப்பிட்டேன். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுல முள்ளுதான் பெருசு இருக்கு. இன்னும் மூணு மாசம் வளரட்டும்" என்று போய்விட்டான். மூன்று மாசத்துக்குத் தண்ணீரை அவன் கொடுப்பானா?

போன வாரம் தவசி வந்தான். அவனாகத்தான் வந்தான், நான் கூப்பிடவில்லை.

"அண்ணே, மீனு தவிக்குதே. மோட்டாரும் ஓசுக் குழாயும் இருக்கு. என் கிணத்துத் தண்ணியை எடுத்து விடுறேன்."

"யார் கிணத்துத் தண்ணிடா?"

"சரி, நம்ம தண்ணி."

"நம்ம தண்ணி இல்ல. என் தண்ணி. ஊர் கூடி நிக்கும்போது, இது எங்க அண்ணன் தண்ணின்னு நீ சொல்லு. அப்புறம் குழாயைப் போடு."

அவன் சிரித்துவிட்டான், தாயி. "தண்ணியில பேரா எழுதியிருக்கு? நான் எடுத்து விடுறேன், அது திரும்ப ஊறி வரட்டும், திரும்ப எடுத்து விடுறேன். அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டுக் கிடக்கட்டும். வாண்ணே, குழாயைப் பிடி."

என் தண்ணீரை எனக்கே தானம் கொடுக்க வந்திருக்கிறான். போடா என்றேன்.

முந்தாநாள் பத்து மீன் மிதந்தது. நேற்று முப்பது. கொக்கு வந்து கரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது, பந்திக்கு இலை போடக் காத்திருக்கிற மாதிரி. சீனியம்மாள் அழுதாள். "மீனை அள்ளி அந்தக் கிணத்துல விடுவோம். உசுராச்சும் தங்கும்" என்றாள். மீன் செத்தாலும் என் குட்டையில்தான் சாகட்டும் என்று சொல்லிவிட்டேன். சொன்னது வாஸ்தவம். ராத்திரி பூராவும்... அதை விடு.

எத்தனை நாளில் உத்தரவு வரும், தாயி? பதினைந்து நாளா? இன்றைக்கு மனு வாங்குவார்கள், அப்புறம் வி.ஏ.ஓ. வந்து பார்ப்பார், அப்புறம் ரிப்போர்ட்... பதினைந்து நாள். இன்றைக்குச் சாயங்காலம் தாங்காது அது. அவசரம் என்று மேலே சிவப்பு மையில் எழுத முடியாதா? மீன் மூச்சுத் திணறுகிறது என்று எழுதேன். ஆபீசரும் மனுஷர்தானே.

இரு, போன் அடிக்கிறது. சீனியம்மாள்தான். எனக்குக் காது மந்தம், அதனால் இது சத்தமாகத்தான் பேசும். நீயும் கேட்டுக்கொள், சாட்சிக்கு ஆகும்.

"ஏங்க, எங்க இருக்கீங்க? எல்லாம் மேல வந்து சாயுதுங்க! பழைய சேலையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கோம். அண்டா கொண்டாந்திருக்கு, தவசித் தம்பியும் அவன் பொண்டாட்டியும் வந்திருக்காக. கிணத்துல விட்டுட்டா பொழைச்சுக்கும். ஆனா நீங்க ஒரு வார்த்தை சொல்லாம தொட மாட்டேங்கான். இந்தாங்க, அவன்கிட்டயே பேசுங்க."

"அண்ணே, நான்தான். உன் வாயால சரின்னு சொல்லுண்ணே. சொல்லாம அள்ளுனா, மீனைத் திருடிட்டான்னு நீ நாளைக்கே மனுக் கொடுப்ப."

"டேய்! அது யாரு தண்ணிடா?"

"உன் தண்ணிதாண்ணே."

"என்னது?"

"உன் தண்ணிதான். கிணறும் வேணும்னா உன்னுதுதான். மீனை விடவா?"

கேட்டாயா, தாயி? கேட்டாய்தானே? எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான்! இருபத்திரண்டு வருஷம். ஒரு மூச்சில் எச்சில் துப்புகிற மாதிரி துப்பிவிட்டான். ஊர் கூடி நிற்கும்போது சொன்னானா? இல்லை. மீன் சாகிற அவசரத்தில் சொன்னது எப்படிச் செல்லும்? பதினைந்து பேராவது நின்றிருக்க வேண்டும். அவன் சொல்லும்போது அவன் முகத்தை நான் பார்த்திருக்க வேண்டும்.

"அண்ணே... அண்ணே, லைன்ல இருக்கியா? பெரிய கட்லா ஒண்ணு மல்லாந்துருச்சுண்ணே. சரின்னு சொல்லு!"

என்னால் முடியவில்லை, தாயி. வாய் வரமாட்டேன் என்கிறது. இந்தா, நீ பிடி. நீ சொல்லு. 'சரி' என்று மட்டும் சொல்லு. நான் சொல்லச் சொன்னதாகச் சொல்லாதே. சீக்கிரம் சொல்லு, தாயி, உனக்குப் புண்ணியமாகப் போகும், சீக்கிரம்!

சொல்லிவிட்டாயா?

என்ன சத்தம் அது? அள்ளுகிறார்களா? வை, போனை வைத்துவிடு. எனக்குக் கேட்க வேண்டாம்.

ஏன் பேனாவைக் கீழே வைக்கிறாய்? மீன் போன இடத்துக்கும் மனுவுக்கும் சம்பந்தம் இல்லை. முதல் எதிரி தவசிலிங்கம், அதில் மாற்றம் இல்லை. எழுது. மேற்படி தண்ணீர் இந்தத் தேதி வரையிலும் எனக்கு வந்து சேரவில்லை. அதோடு இதையும் சேர்த்து எழுது: மேற்படி தண்ணீரில் இப்போது என் மீனும் இருக்கிறது.